சித்திரப் படமும் திரையில் விழும் ஒளியும்

ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோருக்குத் திரைப்படம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கொட்டகை அன்று, திடல்தான். செரண்டா, பத்தாங் காலி, கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்களுக்கு எதிரே இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டுவார்கள். இருட்டியதும் படம் தொடங்கும். 1946-இல் நிறுவப்பெற்ற மலாயாத் திரைப்படப் பிரிவின் செய்திப் படங்களைத் தகவல் இலாகாவின் வண்டிகள் கொணர்ந்து காட்டியதும் இவ்வாறே. சில இரவுகளில் பெரிய படத்துக்கு முன்னே ஒரு கேலிச்சித்திரப் படம் ஓடும். துணியின் முன்புறத்தில் இடம் கிடைக்காத சிறுவர்கள் பின்புறம் போய் அமர்வோம். அங்கிருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். கதாநாயகன் இடக்கையால் வாள் வீசுவான். பூனைக்கும் எலிக்கும் அந்தக் குறை இல்லை. அவை எப்பக்கம் ஓடினாலும் ஒன்றே.

வேறொன்றும் அன்றே எனக்கு வியப்பாயிருந்தது. அதே துணி, அதே விளக்கு. ஆயினும் நடிகர்களின் முகம் புகையினூடே தெரிவதுபோல் மங்கிய இரவிலும் கேலிச்சித்திரம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. இன்றோ குளிரூட்டிய அரங்கில், விலையுயர்ந்த கருவியில் காட்டப்படும் சித்திரப் படம் சில வேளைகளில் இருளடைந்து தோன்றுகிறது. காரணம் யாது?

தோட்டத்துக்கு வந்த கருவிகள் பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் பிலிம் ஓட்டுபவை. அதில் ஒரு படத்தின் அகலம் ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. பன்னிரண்டடித் துணியில் அதனை விரித்தால் அகலம் ஏறத்தாழ 380 மடங்காகிறது. பிலிமில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே உள்ள தூசு, துணியில் ஒன்றரை அங்குலக் கறையாகிவிடும். ஒளியும் அவ்வளவு பரப்பில் பங்கிடப்பட்டு மெலிகிறது. விளக்கோ கொட்டகைகளின் கரிமுனை விளக்கைப் போல வெண்மையானதன்று. மஞ்சள் சாய்ந்த இழை விளக்கு. இத்தனைக்கும் ஈடுகொடுக்கப் படத்தில் வலிய கோடு வேண்டும். பழைய கேலிச்சித்திரக்காரர் உருவத்தைச் சுற்றித் தடித்த கருங்கோடு இட்டு, உள்ளே ஒரே வண்ணத்தைத் தட்டையாகப் பூசினர். ஒளி பாதியாகக் குறைந்தாலும் கோடு கோடாகவே நிற்கும். நடிகர் முகமோ கோட்டால் ஆனதன்று. கன்னத்து நிழல், கண்ணோரத்து ஈரம் என நுண்ணிய ஒளி வேறுபாடுகளால் ஆனது. ஒளி குறைந்தால் முதலில் மறைபவை அவையே.

கணினியால் ஆக்கப்படும் இக்காலச் சித்திரப் படம் கோட்டைக் கைவிட்டு நிழலைப் பற்றிக்கொண்டது. மலேசியாவில் இவ்வகையில் முதல் முழுநீளப் படமாகிய ‘கெங்’ 2009-இல் வெளிவந்தது. உப்பின், இப்பினோடு ராஜு என்னும் தமிழ்ச் சிறுவனும் அதில் வருவதை நம் பிள்ளைகள் அறிவர். இவ்வகைப் படங்களில் மயிரிழை, இலை நரம்பு, காட்டின் இருள் யாவும் நிழலாலேயே உருப்பெறுகின்றன. ஆகவே நடிகர் படத்துக்குத் திடலில் நேர்ந்த இடர் இப்போது சித்திரப் படத்துக்கும் நேர்கிறது.

இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். கணினியில் கன அளவோடு உருவாக்கியதையும், கண்ணாடி அணிந்து காணும் படத்தையும் ‘முப்பரிமாணம்’ என்ற ஒரே பெயரால் வழங்குகிறோம். ஒளிக்குக் கேடு வருவது பின்னதில்தான். டிஜிட்டல் அரங்கில் வெண்திரையின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா இருத்தல் வேண்டும் என்பது தொழில் நெறி. கண்ணாடியும் அதற்கான அமைப்பும் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. மூன்றில் ஒரு பங்கும் எஞ்சாமற் போவதுண்டு. 2014-இல் வந்த ‘கோச்சடையான்’ அவ்வாறும் காட்டப்பட்ட படம். விளக்கும் பழையதானால் சொல்ல வேண்டுவதில்லை.

கருமை பற்றியும் ஒரு சொல். படம் காட்டும் கருவியால் கருமையை வீச இயலாது. திரையில் நாம் காணும் கருமை, ஒளி விழாத வெறுந்துணியே. தோற்பாவைக் கூத்தில் பாவையே விளக்கை மறைப்பதால் அதன் கருமை வலியது. மலாய் மக்கள் சினிமாவை ‘வாயாங் கம்பார்’ என்று நிழற்கூத்தின் பெயரால் அழைத்தது அழகான பொருத்தம். எனினும் இவ்வொரு செய்தியில் இரண்டும் வேறு. துணிமேல் நிலவோ தெருவிளக்கோ பட்டால் கருமை சாம்பலாகும்; சாம்பலானால் எல்லா வண்ணமும் வெளிறும். தோட்டத்தார் தேய்பிறை நாள் பார்த்துப் படம் வைத்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்! சம்பள நாளுக்குப் பிறை தெரியுமா?

இவை எல்லாவற்றினும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. நடிகர் படத்தில் குறை நேர்ந்தால் காண்பவன் உடனே அறிவான். மனித முகத்தின் நிறமும் வானத்தின் நீலமும் அவனுக்குத் தெரியும். ‘மிஷின் சரியில்லை’ என்பான். சித்திரப் படத்தில் உள்ளதனைத்தும் வரைந்தவன் இட்டது. ஒப்பிட்டுப் பார்க்க உலகில் வேறு பொருள் இல்லை. அசைவுகூட அப்படியே. ஓடும் பூனை எந்தக் காமிராவின் முன்னும் ஓடியதன்று. நொடிக்கு 24 படங்கள் திரையில் மாறும்போதுதான் அது ஓடத் தொடங்குகிறது. கருவி பழுதானால் அப்பழுதைப் பிள்ளை ஓவியனின் பழுதாகக் கொள்கிறது.

இது நம் தமிழ்ப்பள்ளிகளில் நாள்தோறும் நிகழக்கூடியது. 1950-க்கு முந்திய கேலிச்சித்திரங்கள் ஏறத்தாழ நான்குக்கு மூன்று என்ற அளவில் அமைந்தவை. அவற்றைப் பதினாறுக்கு ஒன்பது அளவுத் திரை முழுதும் நிரம்புமாறு இழுத்தால் ஒவ்வோர் உருவமும் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். வகுப்பில் ஒருமுறை இப்படி நேர்ந்தது. எலி குண்டாக இருப்பதுதான் வேடிக்கை என்று எண்ணிப் பிள்ளைகள் சிரித்தனர். நானும் பாதிப் படம் வரை உணரவில்லை. கருவியைச் சாய்த்து வைத்தாலும் அவ்வாறே. மேலகலம், கீழ் ஒடுக்கம், வட்டத்தலை கோணலாகும்.

மாற்று எளியது. திரையின் இருபுறமும் கரும்பட்டை நின்றால் நிற்கட்டும். பட அளவை மாற்ற வேண்டா. படத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் ஒளிர்வு நான்கு மடங்காகும். ஆதலின் சுவர் முழுதும் நிரப்பும் ஆசையை விடலாம். மஞ்சள் பூசிய சுவரைவிட, பளபளப்பில்லாத வெள்ளைத் துணி மேலானது. கருவியில் மிகுந்த வெளிச்சம் தரும் அமைப்பு பெரும்பாலும் பச்சை சாய்ந்து காட்டும். சினிமாவுக்கென உள்ள அமைப்பே ஓவியனின் வண்ணத்துக்கு அணித்தானது. சன்னலை அடைக்க இயலாத வகுப்பறையாயின், நிழல் மிகுந்த புதிய படத்தை விடுத்துக் கோடு மிகுந்த பழைய படத்தைத் தேர்க. இந்தியரும் ஜப்பானியரும் சேர்ந்து கையால் வரைந்து உருவாக்கிய ‘ராமாயணம்: இளவரசர் ராமரின் கதை’ 2025 ஜனவரியில் தமிழிலும் அரங்குகளுக்கு வந்தது. கோட்டோவியமாதலின் பகல் வெளிச்சம் சற்றுப் புகுந்த அறையிலும் அதில் யார் எவர் என்பது தெரியும்.