வேர் சிகிச்சைக்குப் பின் மேல் அடைப்பு ஏன்?

வேர் சிகிச்சை முடிந்து வலி நின்றதும், ‘இன்னும் ஒருமுறை வரத்தான் வேண்டுமா?’ என்று பலர் எங்களிடம் கேட்கின்றனர். அதற்கான விடை, பல்லுக்குள் நாங்கள் வைக்கும் பொருளின் இயல்பில் உள்ளது.

தூய்மை செய்த வேர்க்கால்வாயைக் கட்டாபெர்ச்சா குச்சிகளால் நிரப்புகிறோம். இது மலாய் நாட்டு மரமொன்றின் பாலிலிருந்து கிடைப்பது. ஒருகாலத்தில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகவும் பயன்பட்டது. இன்றைய குச்சியில் அதன் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. உடல் இதனை நன்கு ஏற்கும். தேவையெனில் மீண்டும் எடுத்துவிடலாம். ஆனால் பல்லின் சுவரோடு இது ஒட்டுவதில்லை. இடைவெளியை மூடுவது உடன் பூசப்படும் சீலர் பசையே. அப்பசையும் இறுகும்போது சற்றுச் சுருங்கலாம், நாளடைவில் கரையலாம். புதிய பயோசெராமிக் பசைகள் வந்துள்ளன. என்றாலும், சிறிதும் கசியாத பொருள் என்று எதனையும் நாங்கள் கூறமாட்டோம்.

ஆகவேதான் மேல் அடைப்பை வலியுறுத்துகிறோம். 1990இல் வெளியான ஆய்வகச் சோதனை ஒன்றில், மேல் அடைப்பின்றி விடப்பட்ட வேர்களில் பாதிக்கு மேற்பட்டவற்றை நுண்ணுயிரிகள் 19 முதல் 42 நாள்களில் முழுமையாக ஊடுருவின. வாயிலும் இதே கணக்கு என்பதற்கில்லை. ஆயினும் நரம்பு நீக்கிய பல்லில் கசிவு தொடங்கினால் உடனே வலி தோன்றாது; பிற்பாடு எக்ஸ்ரே படத்தில்தான் பெரும்பாலும் தெரியவரும்.

தற்காலிக அடைப்பு மெல்லும்போது தேயக்கூடியது. அது உடைந்தாலோ உதிர்ந்தாலோ, குறித்த தேதிவரை காத்திராமல் வாருங்கள். மாதக்கணக்கில் திறந்து கிடந்த பல்லுக்கு உறை மட்டும் பொருத்தி அனுப்ப இயலாது. வேர் சிகிச்சையையே மறுபடியும் செய்ய நேரிடும்.