சைரன் ஒலி கேட்டும் வழி பிறக்கவில்லையே!

சாலையில் சைரனை ஒலித்தபடி ஆம்புலன்ஸ் ஒன்று விரைவதைக் கண்டால், "யார் பெற்ற பிள்ளையோ, பாவம்" என்று உள்ளே இருக்கும் நோயாளிக்காக மனம் இரங்காதவர் குறைவு. ஆனால், அந்த வண்டியை ஓட்டுபவரையும் நோயாளியின் பக்கத்தில் நின்று போராடுபவரையும் பற்றி நினைப்பவர்கள் எத்தனை பேர்? கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இவர்கள் அன்றாடம் சந்திக்கும் இடையூறுகளில் பெரும்பாலானவை, நம்மைப் போன்ற பொதுமக்கள் மனம் வைத்தால் நீங்கக்கூடியவையே.

அரசாங்க மருத்துவமனை ஆம்புலன்ஸ்களில் ஓட்டுநரும் உதவி மருத்துவ அதிகாரியும் முக்கியமானவர்கள். தோட்டப்புறங்களில் வளர்ந்த மூத்த தலைமுறையினர் "டிரெஸர் ஐயா" என்று மரியாதையோடு அழைத்தார்களே, அந்தப் பணியின் இன்றைய வளர்ச்சிதான் உதவி மருத்துவ அதிகாரி. இவர்களோடு செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ், மலேசிய செம்பிறைச் சங்கம், பொதுத் தற்காப்புப் படை ஆகியவற்றின் வண்டிகளும் சேவையில் உள்ளன.

தொலைபேசியிலேயே தொடங்கும் தாமதம்

போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என எல்லா அவசர உதவிகளுக்கும் 999 என்ற ஒரே எண் போதும் என்ற ஏற்பாடு 2007இல் நடைமுறைக்கு வந்தது. கைத்தொலைபேசியில் 112ஐ அழுத்தினாலும் அதே சேவை கிடைக்கும். அழைப்பை முதலில் ஏற்பவர் என்ன உதவி தேவை என்று கேட்டு, பிறகு உரிய துறைக்கு மாற்றி விடுவார். மருத்துவப் பிரிவில் மீண்டும் கேள்விகள் வரும். "முன்பே சொல்லிவிட்டேனே, வண்டியை அனுப்புங்கள்!" என்று பலர் இந்த இடத்தில்தான் எரிச்சலடைகிறார்கள்.

நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா என்ற கேள்விகள் வீண் கேள்விகள் அல்ல. எந்த வண்டியை, எந்தக் கருவிகளோடு அனுப்புவது என்பதை இந்தப் பதில்கள்தாம் முடிவு செய்கின்றன. கோபத்தில் தொடர்பைத் துண்டித்து விட்டால் தாமதம் இரட்டிப்பாகும். விளையாட்டுக்காக 999ஐ அழைப்பவர்களோ இன்னொரு வீட்டின் உயிரோடு விளையாடுகிறார்கள். 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் இது தண்டனைக்குரிய குற்றமாகும்.

வீட்டு வாசலை அடைவதே போராட்டம்

வண்டி புறப்பட்டு விட்டது. ஆனால் முகவரி? "தாமானுக்குள் நுழைந்து, கோயிலைத் தாண்டி, இடப்பக்கம்" என்று மட்டும் சொன்னால், முன்பின் அறியாத ஓட்டுநர் எந்தக் கோயிலைத் தேடுவார்? வீட்டு எண்ணை மறைத்து வளர்ந்த பூஞ்செடி, விளக்கில்லாத லோரோங், இரு பக்கமும் கார்களை நிறுத்தி ஒற்றையடிப் பாதையாகிப் போன தெரு, பாதுகாவலர் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் தடுப்புக் கதவு, திருமணத்திற்காகச் சாலையை மறித்துப் போட்ட கூடாரம் என ஒவ்வொன்றும் நிமிடங்களை விழுங்குகிறது.

அடுக்குமாடி வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். மின்தூக்கி பழுதாகி இருக்கும். வேலை செய்தாலும் தூக்குப்படுக்கை நுழையாத அளவுக்குச் சிறியதாக இருக்கும். கருவிகளைச் சுமந்து பல மாடிகள் ஏறி, நோயாளியையும் சுமந்து இறங்கும் பணியாளர்களின் இடுப்பும் முதுகும் என்னாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஆறும் பாலமும் நெரிசலும்

கிள்ளான் நகரை ஆறு வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிக்கிறது. தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை தென்கரையில் இருக்கிறது. காப்பார், மேரு போன்ற வடபகுதிகளில் இருந்து அங்கே வரும் வண்டி ஆற்றைக் கடந்துதான் ஆக வேண்டும். மாலை வேளையில் பாலத்தில் நெரிசல் ஏற்பட்டால் ஒதுங்குவதற்குக்கூட இடம் இராது. தீபாவளி நெருங்கும்போது ஜாலான் தெங்கு கிளானாவில் கூடும் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸில் வேறு ஒரு கவலை. மலேசிய பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால், வெள்ளைக் கோலோடு நடந்து செல்பவர்களை அந்தத் தெருக்களில் சாதாரணமாகக் காணலாம். அவர்கள் வாகனச் சத்தத்தைக் கேட்டே சாலையைக் கடப்பவர்கள். சைரன் அலறும்போது மற்ற எல்லாச் சத்தங்களும் அதில் மூழ்கிவிடும். நமக்கு எச்சரிக்கையாக இருக்கும் அதே ஒலி அவர்களுக்குக் குழப்பமாகிறது. ஓட்டுநர் இதையும் மனத்தில் வைத்து வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது.

கூட்டரசு நெடுஞ்சாலையில் கார்களுக்கு இடையே புகுந்து வரும் மோட்டார் சைக்கிள்கள் ஒரு பக்கம். ஆம்புலன்ஸுக்குக் கிடைத்த வழியில் தானும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு பறக்கும் கார்கள் மறுபக்கம். ஆம்புலன்ஸ் திடீரென நிறுத்தினால் பின்னால் வருபவர் கதி என்ன? அது கடந்து விட்டதென்று நினைத்துப் பக்கத்துச் சாலையிலிருந்து நுழைபவர், பின்தொடரும் காரில் மோத மாட்டாரா?

வேகம் மட்டும் உயிரைக் காக்குமா?

சைரன் இருந்தால் பாதி நேரத்தில் போய்விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடத்தப்பட்டு 1995இல் வெளியான ஆய்வு ஒன்று, சைரனோடு சென்ற பயணங்களில் சராசரியாக மிச்சமான நேரம் ஒரு நிமிடத்திற்கும் குறைவு, அதாவது சுமார் 43 விநாடிகளே என்று கண்டது. கோலாலம்பூர் நெரிசல் வேறுதான். என்றாலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. சிவப்பு விளக்கைக் கண்மூடித்தனமாகக் கடந்து பெறும் சில விநாடிகளுக்காக, வண்டியில் உள்ள அனைவரின் உயிரையும் பணயம் வைக்க முடியாது. சாலைச் சந்திப்பில் ஆம்புலன்ஸ் மெதுவாகச் செல்வது சோம்பல் அல்ல, கடமை. குளிர்சாதனம் ஓட, வானொலி பாட, கண்ணாடியை ஏற்றிவிட்டு வருபவருக்குச் சைரன் மிக அருகில் வந்த பிறகே கேட்கும் என்பது ஓட்டுநருக்குத் தெரியும்.

நெஞ்சு அழுத்த சிகிச்சை தருபவர், ஓடும் வண்டியில் இருக்கை வார் இல்லாமல் நின்றுகொண்டே வேலை செய்கிறார். ஒரு திடீர் பிரேக் போதும், அவரே நோயாளி ஆகிவிடுவார்.

"வந்தவர்கள் உடனே தூக்கிக்கொண்டு ஓடாமல் வீட்டிலேயே ஏதோ செய்துகொண்டிருக்கிறார்கள்" என்று குடும்பத்தார் ஏசுவதும் உண்டு. இதயம் நின்று போனவருக்கு ஆடாத தரையில் தரப்படும் நெஞ்சு அழுத்தமே பலன் மிக்கது. ஆடும் வண்டியில் அதன் தரம் குறைந்து விடும். காப்பாற்ற நினைத்து நிற்பவர்களைத்தான் தாமதம் செய்கிறார்கள் என்று திட்டுகிறோம்.

நாம் செய்யக்கூடியவை

இதயம் நின்றவருக்கு உதவி இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. எவ்வளவு விரைந்து வந்தாலும் ஆம்புலன்ஸ் முதல் நிமிடத்தில் வந்து நிற்க முடியாது. அந்த நிமிடங்கள் வீட்டில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கின்றன. நெஞ்சின் நடுவில், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்துவதை வீட்டுக்கு ஒருவராவது கற்றுக்கொள்ள வேண்டும்.

முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசி அருகே ஒட்டி வைக்கலாம். ஒருவரைத் தெருமுனைக்கு அனுப்பிக் கையசைக்கச் சொல்லலாம். வாசல் விளக்கைப் போட்டு, நாயைக் கட்டி, மருந்துகளையும் அடையாள அட்டையையும் எடுத்து வைக்கலாம். இவற்றிற்குப் பணம் செலவில்லை.

சாலையில் நெரிசல் என்றால் வலத் தடத்தில் இருப்பவர் வலப்புறமும், இடத் தடத்தில் இருப்பவர் இடப்புறமும் ஒதுங்கினால் நடுவில் வழி பிறக்கும். ஜெர்மனியில் சைரன் கேட்கும் வரை காத்திராமல், நெரிசல் தொடங்கியதுமே இப்படி வழி விட்டு நிற்பது சட்டம். தவறினால் 2017 முதல் குறைந்தது 200 ஈரோ அபராதம். நம் நாட்டிலோ அவசரத் தடத்தில் முந்திச் செல்வதைச் சிலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். அது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தடத்தில் அடுத்து வரவேண்டிய ஆம்புலன்ஸ் தங்கள் அம்மாவையோ பிள்ளையையோ ஏற்றிச் செல்வதாகவும் இருக்கலாம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.