நட்பு காதலாகும் இடம்: குறுந்தொகை முதல் இன்றைய நாவல் வரை



இன்று மாணவர் விரும்பிப் படிக்கும் காதல் நாவல்களுள் ஒரு கதைவகை மீண்டும் மீண்டும் வருகிறது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சிறுவயது முதல் நண்பர்கள். ஒருவர் வீட்டில் மற்றவர் உண்டு வளர்ந்தவர்கள். ஒருநாள் தங்களுக்கிடையே இருப்பது நட்பு மட்டுமன்று என்பதை அவர்கள் உணர்கிறார்கள். இக்கதைவகை மேலைநாட்டிலிருந்து வந்தது என்பர் சிலர். நட்பின் தூய்மையைக் கெடுப்பது என்பர் வேறு சிலர். இவ்விரு கூற்றும் எவ்வளவு பொருந்தும் என்பதை நம் இலக்கியத்தைக் கொண்டே ஆராய்வது இவ்வுரையின் நோக்கம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ் அக இலக்கணம் காதலைப் பெரும்பாலும் முன்பின் அறியாதவரிடையேதான் தொடங்கிவைக்கிறது. ஊழ் கூட்டுவிக்கத் தலைவனும் தலைவியும் எதிர்ப்பட்டு ஒருவரையொருவர் காண்பதையே தொல்காப்பியக் களவியல் காதலின் தோற்றுவாயாகக் கூறுகிறது. செம்புலப்பெயனீரார் பாடிய குறுந்தொகை 40ஆம் பாட்டின் வியப்பே, பெற்றோர்களுக்குள் எந்தத் தொடர்பும் இல்லாத இருவர் நெஞ்சங்கள் எவ்வாறு கலந்தன என்பதுதான். வள்ளுவரும் காமத்துப்பாலை, எதிரே நிற்பவள் யாரோ என்று மயங்கும் தலைவனிடமிருந்தே தொடங்குகிறார். இம்மரபில், நாள்தோறும் பார்த்துப் பழகிய இருவருக்கு இடம் எங்கே?

இடம் உண்டு. அதே குறுந்தொகையின் 229ஆம் பாட்டு அதைக் காட்டுகிறது. மோதாசனார் பாடிய இப்பாட்டு, உடன்போக்கில் செல்லும் இருவரை வழியிடையே கண்டவர் கூறுவதாக அமைந்தது. கண்டவருக்கு அவ்விருவரின் பிள்ளைப்பருவம் நினைவுக்கு வருகிறது. அவன் அவள் கூந்தலைப் பற்றி இழுப்பான். அவளும் விடாமல் அவன் தலைமயிரைப் பற்றி இழுப்பாள். அன்புடைய செவிலியர் விலக்கிவிட்டாலும் காரணமே இல்லாத அச்சண்டை ஓயாது. அந்த இருவரே இன்று இரட்டை மாலைபோல் இணைந்து செல்கின்றனர். ஊழே, நீ நல்லை என்று கண்டவர் வாழ்த்துகின்றனர். களவியலில் அறியாதவரைச் சேர்த்துவைத்த அதே ஊழ், இங்கே நன்கு அறிந்தவர்களையும் சேர்த்துவைக்கிறது.

இப்பாட்டைப் பெண்டாங் வட்டார மாணவர்களுக்கு விளக்குவது எளிது. நெல்வயல்களுக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்கும் இடையே வாழ்ந்த குடும்பங்களின் கதை அவர்களுடைய பாட்டன் பாட்டியரின் கதை. விடியும் முன்னரே பெற்றோர் பால்மரம் வெட்டச் செல்வர். பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில் ஒன்றாக உறங்கி, ஒன்றாக அழுது, ஒன்றாகச் சண்டையிட்டு வளர்வர். சங்கப் பாட்டில் செவிலி செய்த வேலையைத் தோட்டத்தில் ஆயா செய்தார். லயத்து வீடுகளில் எவர் குரலும் எவருக்கும் தெரியும். உறவுப்பெயர் சூட்டியே ஒருவரையொருவர் அழைப்பர். ‘அண்ணன்’ என்ற ஒரு சொல் ஒரு கதவை அடைத்துவிடும். ‘மாமன் மகன்’ என்ற சொல் இன்னொரு கதவைத் திறந்துவைக்கும். ஆதலால், உடன்வளர்ந்த இருவர் காதலரானால் மாறவேண்டியது அவர்கள் உள்ளம் மட்டுமன்று. அவர்களைச் சுற்றியுள்ள அழைப்புமுறையும் மாறவேண்டும். நண்பர்களின் காதலைக் கூறும் நாவலுக்கு உரிய சிக்கல் இதுவே.

கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியில் இன்னொரு சான்று உண்டு. கலித்தொகையின் 51ஆம் பாட்டில் தலைவி தன் தோழிக்கு ஒரு செய்தி சொல்கிறாள். தெருவில் தாங்கள் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்து, தலையில் சூடிய மாலையை அறுத்து, பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிய அந்தக் குறும்பன் ஒருநாள் வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்கிறான். கொடுக்கச் சென்றவளின் கையைப் பற்றுகிறான். அவள் திடுக்கிட்டு அன்னையைக் கூவி அழைக்கிறாள். அன்னை ஓடிவந்ததும், தண்ணீர் குடிக்கையில் இவனுக்கு விக்கல் எடுத்தது என்று சொல்லிவிடுகிறாள். அன்னை அவன் முதுகைத் தடவிக்கொடுக்க, அவன் கடைக்கண்ணால் பார்த்து நகைக்கிறான்.

இப்பாட்டை வகுப்பில் கற்பிக்கும்போது நகைச்சுவையோடு நின்றுவிடக் கூடாது. கையைப் பற்றியது அவன் செயல். அது அவளை அச்சுறுத்தியது என்பதைக் கபிலர் மறைக்கவில்லை. உறவு மாறியது அவன் கைபற்றியபோதன்று, அவள் பொய் சொன்னபோது. காட்டிக்கொடுக்கவும் காக்கவும் வாய்ப்பிருந்த ஒரு நொடியில் காப்பதென்று அவளே முடிவு செய்கிறாள். அப்பொய் அவ்விருவருக்கும் மட்டுமே உரிய முதல் மறைபொருளாகிறது.

சொல் வழக்கும் இதற்குத் துணைநிற்கிறது. தேவகுலத்தார் பாடிய குறுந்தொகை 3ஆம் பாட்டில், தலைவி தன் காதலின் அளவை நிலத்தோடும் வானத்தோடும் கடலோடும் ஒப்பிட்டுப் பேசுகிறாள். அங்கே அவள் ஆளும் சொல் ‘நட்பு’ என்பதே. திருக்குறளில் நட்பு அதிகாரம் பொருட்பாலில் 79ஆவதாக உள்ளது. எனினும் காமத்துப்பாலின் ‘காதற் சிறப்புரைத்தல்’ அதிகாரத்தில், 1122ஆம் குறளில், தலைவியோடு தனக்குள்ள உறவை உடலுக்கும் உயிருக்கும் உள்ள உறவாகக் கூறும் தலைவனும் ‘நட்பு’ என்ற சொல்லையே ஆள்கிறான். பழந்தமிழர் இரண்டையும் பகைச்சொற்களாகக் கொள்ளவில்லை என்பதற்கு இவை போதும்.

இனி நாவலுக்கு வருவோம். முதற்காட்சிக் காதலை எழுதுபவருக்கு வியப்பு என்னும் கருவி கையில் இருக்கிறது. நண்பர்களின் காதலை எழுதுபவருக்கு அது இல்லை. அறிந்த முகம் புதிய முகமாவது எப்போது என்பதை அவர் காட்டியாக வேண்டும். ஜேன் ஆஸ்டின் எழுதி 1815இல் வெளிவந்த ‘எம்மா’ இதற்கொரு நல்ல பாடம். குடும்ப நண்பரான நைட்லியை எம்மா சிறுவயது முதல் அறிவாள். அவர்மீது தனக்குள்ள அன்பின் தன்மையை மட்டும் அறியாள். இன்னொரு பெண் அவரை விரும்புவதாகச் சொல்லக் கேட்ட பின்னரே தன் உள்ளம் அவளுக்கு விளங்குகிறது. இழந்துவிடுவோமோ என்ற அச்சமே இங்குக் கண்ணைத் திறக்கிறது.

தமிழில் தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ இதைவிடக் கடினமான வழியைத் தேர்ந்தது. யமுனா பாபுவைவிடப் பத்து வயது மூத்தவள். குடும்பப் பழக்கத்தால் அவன் சிறுவயது முதல் அறிந்தவள். அவன் மதிப்பு காதலாக மாறிவிடுகிறது. ஆனால் அவள் உள்ளம் அதே நேரத்தில் மாறவில்லை. அவன் காதலைச் சொன்னபோது அவள் மறுக்கிறாள். பல ஆண்டுகளுக்குப் பின்னரே அவள் இசைவு கிடைக்கிறது. நெடுநாள் பழக்கத்தின் பேரில் காதலைக் கேட்டுப் பெற முடியாது என்பதை இந்நாவல் உணர்த்துகிறது.

மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டியதும் இதுவே. இத்தகைய நாவல்களில் தரம் குறைந்தவை ஒரு தவறான பாடத்தைக் கற்பிக்கின்றன. ஒருவன் நெடுங்காலம் நல்ல நண்பனாக இருந்தால் அதற்குரிய பரிசு காதல் என்பதே அப்பாடம். தொல்காப்பியம் அகத்தை ஏழு திணையாக வகுத்தபோது, இருவர் உள்ளமும் ஒத்த அன்பை நடுவே ஐந்திணையாக வைத்தது. ஒருவர் உள்ளத்தில் மட்டும் எழுவதைக் கைக்கிளை என்று வேறாகப் பிரித்தது. எத்தனை ஆண்டுப் பழக்கமாயினும் மறுபக்கத்தில் விருப்பம் எழாவிடில் அது கைக்கிளையே. மறுத்த தோழி நட்புக்குத் துரோகம் செய்தவள் அல்லள். அவள் நண்பனாக மட்டுமே ஒருவனை விரும்பியது குறையும் அன்று. ஓர் ஆணும் பெண்ணும் இறுதிவரை நண்பர்களாகவே வாழ்வது முற்றுப்பெறாத காதல் கதையும் அன்று.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் கையில் இத்தகைய நாவலைக் கண்டால் பறித்து மேசைக்குள் வைத்துவிடாதீர்கள். மூன்று வினாக்களை மட்டும் கேளுங்கள். இருவருள் உறவு மாறியதை முதலில் உணர்ந்தவர் யார்? மற்றவர் மறுப்பதற்குக் கதையில் இடம் இருந்ததா? காதல் கைகூடாவிட்டால் அந்நட்புக்கு என்ன ஆகியிருக்கும்? இவற்றுக்கு விடைதேடும் மாணவர், படிக்கும் நாவலின் தரத்தைத் தாமே எடைபோடக் கற்றுக்கொள்வார். தம் நண்பரின் உள்ளத்தை மதிக்கவும் கற்றுக்கொள்வார். அதன்பின் குறுந்தொகை 229ஐ அவர் கையில் கொடுங்கள். தலைமயிரைப் பிடித்துச் சண்டையிட்ட அந்த இரு பிள்ளைகளைத் தம் பாட்டி சொன்ன ஆயாக்கொட்டகைக் கதைகளில் அவர் அடையாளம் கண்டுகொள்வார்.