செயின்ட் லூசியா: வாழையை நம்பி வாழ்ந்த தீவு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., புவியியல்

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். உலகப் படத்தில் கடுகளவு இடங்கூடப் பெறாத ஒரு நாட்டைப் பற்றியது இக்கட்டுரை. அதன் பெயர் செயின்ட் லூசியா. நம்மில் பலர் அப்பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் அந்நாட்டுக்காரர் ஒருவரை மாணவ நண்பர்கள் பலரும் அறிவார்கள். 2012-இலும் 2016-இலும் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்ற மேற்கிந்தியத் தீவுகள் அணியின் தலைவர் டேரன் சமி, செயின்ட் லூசியாவில் பிறந்தவர். மேற்கிந்தியத் தீவுகள் என்ற பெயரில் ஒரு நாடு இல்லை. கரீபியன் பகுதியிலுள்ள பல தனித்தனி நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் கிரிக்கெட்டுக்காகச் சேர்ந்து அமைத்த அணியே அது. அந்நாடுகளுள் ஒன்றுதான் செயின்ட் லூசியா.

இந்நாட்டை நான் தேர்ந்தெடுத்ததற்கு வேறொரு காரணம் உண்டு. வாழை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆளும் நானே. ஒரு தாரின் விலையை அதை வளர்த்தவன் முடிவு செய்வதில்லை என்பதைப் பாடப் புத்தகம் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஒரு நாடு முழுவதுமே அந்த நிலையில் இருந்தது என்று படித்தபோது, அந்த நாட்டை முழுமையாக அறிந்துகொள்ள ஆவல் கொண்டேன்.

அமைவிடமும் இயற்கையும்

கரீபியன் கடலின் கிழக்கு விளிம்பில் வில்போல் வளைந்து கிடக்கும் தீவு வரிசையில் செயின்ட் லூசியா அமைந்துள்ளது. கிழக்கே அட்லாண்டிக் பெருங்கடல். மேற்கே கரீபியன் கடல். வடக்கே பிரான்சுக்குச் சொந்தமான மார்ட்டினிக் தீவு. தெற்கே செயின்ட் வின்சென்ட் தீவு. நீளம் சுமார் 43 கிலோமீட்டர், அகலம் சுமார் 22 கிலோமீட்டர், பரப்பு 617 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம். தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியின் சராசரி வாக்காளர் எண்ணிக்கைகூட இதைவிட அதிகம்.

இது எரிமலையால் உருவான தீவு. நடுவே கிமி என்ற சிகரம் சுமார் 950 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கிறது. தென்மேற்குக் கரையில் கடலிலிருந்து நேரே கிளம்பியவை போல் நிற்கும் பெரிய பிட்டோன், சிறிய பிட்டோன் ஆகிய இரு கூம்பு மலைகளும் அந்நாட்டின் அடையாளமாக விளங்குகின்றன. 2004-இல் இப்பகுதி உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அருகிலுள்ள சூஃப்ரியேர் என்னும் ஊரில் இன்றும் பூமியிலிருந்து கந்தக ஆவியும் கொதிக்கும் சேறும் வெளிவருகின்றன. கந்தகம் கிடைக்கும் இடம் என்ற பொருளில்தான் பிரெஞ்சுக்காரர்கள் அவ்வூருக்கு அப்பெயரை இட்டனர்.

எரிமலை மண் வளமானது, மழையும் மிகுதி. ஆனால் சமவெளி குறைவு. மலைச் சரிவுகளும் குறுகிய பள்ளத்தாக்குகளுமே மிகுதி. ஜூன் முதல் நவம்பர் வரை அட்லாண்டிக்கிலிருந்து சூறாவளிகள் வரும். இந்த நிலமும் இந்தக் காற்றுமே அந்நாட்டின் பொருளாதாரத்தை வகுத்தன எனலாம்.

கைமாறிய தீவு

காஸ்ட்ரீஸ் துறைமுகத்திற்காகவும் கரும்புக்காகவும் பிரான்சும் பிரிட்டனும் இத்தீவுக்கு நூற்றைம்பது ஆண்டுகள் போராடின. பதினான்கு முறை அது கைமாறியதாகக் கூறுவர். இறுதியாக 1814-இல் பிரிட்டனுக்கு உரியதாயிற்று. அதன் அடையாளங்கள் இன்றும் உள்ளன. ஆட்சி மொழி ஆங்கிலம்; வீட்டிலும் சந்தையிலும் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. நீதிமன்றத்தில் ஆங்கிலேயரின் பொதுச் சட்டமும் பிரெஞ்சு மரபில் வந்த குடிமைச் சட்டத் தொகுப்பும் கலந்து வழங்குகின்றன.

மக்களில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள். 1838-இல் அவர்கள் முழு விடுதலை பெற்றனர். பின்னர் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டதால், 1859 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் வடஇந்தியர். அவர்கள் வழிவந்த குடும்பங்கள் இன்றும் அங்கு வாழ்கின்றன.

பச்சைத் தங்கம்

கரும்பு பெரிய முதலாளியின் பயிர். அதற்குச் சமநிலமும் ஆலையும் வேண்டும். வாழைக்கு அவை தேவையில்லை. மலைச்சரிவில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவனும் குடும்பத்தோடு பாடுபட்டு வாழை வளர்க்கலாம். 1950-களில் கீஸ்ட் என்னும் நிறுவனம் இத்தீவுகளின் வாழைக்காயை வாங்கி இங்கிலாந்துக்கு அனுப்பத் தொடங்கியது. 1960-களின் தொடக்கத்தில் கரும்பு மறைந்து, பள்ளத்தாக்குகளிலும் வாழையே நின்றது.

சூறாவளி அடிக்கும் நாட்டில் வாழையா என்று கேட்கத் தோன்றும். வாழை எளிதில் சாயும் என்பது உண்மையே. ஆனால் சாய்ந்த மரத்தின் கிழங்கிலிருந்து பக்கக் கன்று கிளம்பும். ஏறக்குறைய ஓராண்டுக்குள் அடுத்த தாரை வெட்டலாம். கோகோவோ தென்னையோ விழுந்தால் மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மேலும், கப்பல் தவறாமல் வந்ததால் ஆண்டு முழுவதும் கையில் காசு புழங்கியது. அடிமைகளின் பேரப்பிள்ளைகள் சொந்த நிலத்தில் விளைவித்து, சொந்தமாக வீடு கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது இந்தக் காசில்தான். ஆகவே வாழையைப் ‘பச்சைத் தங்கம்’ என்று அழைத்தனர். உச்சக் காலத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதியாயிற்று. ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேல் வாழையே தந்தது.

1979 பிப்ரவரி 22-இல் நாடு விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஆலன் என்ற சூறாவளி வாழைத் தோட்டங்களைத் தரைமட்டமாக்கியது. அதிலிருந்து தீவு எழுந்தது. ஆனால் அடுத்து வந்த சூறாவளி கடலிலிருந்து வரவில்லை.

ஜெனீவாவில் ஒரு வழக்கு

செயின்ட் லூசியாவின் வாழை, லத்தீன் அமெரிக்காவின் சமவெளிகளில் பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரில் விளைவிக்கும் வாழையைவிட விலை கூடியது. மலைச்சரிவில் இயந்திரம் ஏறாது; ஒவ்வொரு தாரையும் தலையில் சுமந்துதான் இறக்க வேண்டும். பிரிட்டன் தன் பழைய குடியேற்ற நாடுகளுக்குச் சந்தையில் சலுகை தந்ததால்தான் அது விற்றது. 1975-இல் கையெழுத்தான லோமே உடன்படிக்கை அச்சலுகையை உறுதி செய்தது. 1993-இல் ஐரோப்பா முழுவதும் ஒரே சந்தையானதும் சிக்கல் தொடங்கியது. விலை சரிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் விவசாயிகள் வேலைநிறுத்தம் செய்தனர். மாபூயா பள்ளத்தாக்கில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் இருவர் உயிரிழந்தனர்.

1996-இல் அமெரிக்கா, எக்வடார், குவாதமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோ ஆகிய ஐந்து நாடுகள் இச்சலுகையை எதிர்த்து உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. வழக்கு ஐரோப்பாவின் மீது; ஆனால் பிழைப்பு போவது செயின்ட் லூசியா போன்ற தீவுகளுக்கு. சிறிய நாட்டின் அரசுப் பணியில் பன்னாட்டு வணிகச் சட்டம் கற்ற வழக்கறிஞர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்? எனவே வெளியிலிருந்து வழக்கறிஞர்களை அமர்த்தி ஜெனீவாவுக்கு அனுப்பியது. அரசு ஊழியர் அல்லாதோர் விசாரணையில் அமரக்கூடாது என்று எதிர்ப்பு எழ, விசாரணைக் குழு அவர்களை வெளியேறச் செய்தது. செயின்ட் லூசியா விடவில்லை. 1997-இல் மேல்முறையீட்டு அமைப்பு, ஒரு நாடு தனக்காக யாரைப் பேச வைப்பது என்பது அந்நாட்டின் உரிமை என்று ஏற்றுக்கொண்டது. அன்று முதல் ஏழை நாடுகள் பலவும் அவ்வுரிமையால் பயன்பெறுகின்றன.

பேசும் உரிமை கிடைத்தது, வழக்கு தோற்றது. சலுகை படிப்படியாகத் தேய்ந்தது. 2009-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, லத்தீன் அமெரிக்க வாழைக்கு ஐரோப்பா விதித்த வரியை டன்னுக்கு 176 யூரோவிலிருந்து 114 யூரோவாகக் குறைக்க ஒப்புக்கொண்டது. 2010 அக்டோபர் இறுதியில் தோமஸ் சூறாவளி மீதமிருந்த தோட்டங்களையும் அழித்தது. ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகள் வாழையை விட்டனர். எஞ்சியோரில் பலர், விவசாயிக்கு உறுதியான குறைந்தபட்ச விலை தரும் ‘நியாய வணிக’ முறையில் சேர்ந்து பயிரைக் காப்பாற்றிக்கொண்டனர்.

வாழைக்குப் பின்

இன்று நாட்டின் முதன்மையான வருவாய் சுற்றுலா. பயணக் கப்பல்கள் காஸ்ட்ரீஸுக்கு வருகின்றன. கடற்கரை எங்கும் விடுதிகள். ஒரே பயிரை நம்பிய நாடு இப்போது ஒரே தொழிலை நம்புகிறது. 2020-இல் கொரோனாத் தொற்றால் விமானங்களும் கப்பல்களும் நின்றபோது, நாட்டின் மொத்த உற்பத்தி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது. முதலீடு செய்வோருக்குக் குடியுரிமை வழங்கி வருவாய் ஈட்டும் திட்டமும் 2016 முதல் நடைமுறையில் உள்ளது.

ஆட்சி முறை

இங்கிலாந்து மன்னரே இந்நாட்டுக்கும் அரசர். அவர் சார்பில் தலைமை ஆளுநர் இருக்கிறார். உண்மையான அதிகாரம் பிரதமரிடமும் நாடாளுமன்றத்திடமும் உள்ளது. கீழவையில் 17 தொகுதிகளின் உறுப்பினர்கள். ஏறத்தாழ பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்பதால், உறுப்பினரை வழியில் மறித்துக் குறை சொல்ல முடியும்! மேலவையில் 11 பேர். அவர்களில் அறுவரைப் பிரதமரும் மூவரை எதிர்க்கட்சித் தலைவரும் பரிந்துரைக்கின்றனர். இருவரை ஆளுநர் தாமே தேர்கிறார். தொழிலாளர் கட்சி, ஐக்கியத் தொழிலாளர் கட்சி என இரு பெரிய கட்சிகள் மாறி மாறி ஆண்டுள்ளன. 1997-இல் 17-இல் 16 இடங்களை ஒரே கட்சி வென்றதும் உண்டு. நாட்டுக்கு இராணுவம் இல்லை, காவல்துறை மட்டுமே.

தனியே செய்ய இயலாதவற்றை அண்டைத் தீவுகளோடு சேர்ந்து செய்வது இங்கு குறிப்பிடத்தக்கது. எட்டு தீவு அரசுகள் கிழக்குக் கரீபியன் டாலரைப் பொது நாணயமாகக் கொண்டுள்ளன. 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்ற மதிப்பு மாறவில்லை. உயர் நீதிமன்றமும் பல தீவுகளுக்குப் பொதுவானது. அதன் தலைமையிடம் காஸ்ட்ரீஸ். இறுதி மேல்முறையீடு முன்பு லண்டனுக்குச் சென்றது. 2023-இல் நாடு அதை மாற்றி, டிரினிடாடிலுள்ள கரீபியன் நீதிமன்றத்தை ஏற்றது.

கோட்டை கல்லூரியானது

காஸ்ட்ரீஸுக்கு மேலுள்ள மோர்ன் ஃபார்ச்சூன் குன்றில் பிரிட்டனும் பிரான்சும் இரத்தம் சிந்திய கோட்டை இருக்கிறது. அந்தப் படைக் கட்டடங்களில் இன்று நடப்பது சர் ஆர்தர் லூயிஸ் சமுதாயக் கல்லூரி. அதன் வளாகத்திலேயே அப்பெரியார் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

ஆர்தர் லூயிஸ் 1915 ஜனவரி 23-இல் காஸ்ட்ரீஸில் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். தாயார் ஐந்து ஆண் பிள்ளைகளை வளர்த்தார். பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பை முடித்தவர், உதவித்தொகைத் தேர்வு எழுத வயது போதாமல் அரசு அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். பொறியாளராக விரும்பினார், கறுப்பருக்கு அவ்வேலை தர ஆளில்லை. லண்டன் சென்று பொருளாதாரம் பயின்றார். நாடு விடுதலை பெற்ற 1979-ஆம் ஆண்டிலேயே பொருளாதார நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே ஜனவரி 23-இல், 1930-இல் பிறந்த கவிஞர் டெரெக் வால்காட் 1992-இல் இலக்கிய நோபல் பரிசு பெற்றார். இத்தனை சிறிய நாட்டுக்கு இரண்டு நோபல் பரிசுகள்!

லூயிஸ் 1954-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் எகிப்து, ஜமைக்கா ஆகியவற்றோடு இந்தியாவையும் குறிப்பிட்டார். அவர் கருத்து இது: இரண்டு பேர் போதுமான நிலத்தில் ஐந்து பேர் உழைத்தால், மூவர் வெளியேறினாலும் விளைச்சல் குறையாது. அவர்களுக்குத் தொழில் துறையில் வேலை கிடைத்தால் நாட்டின் செல்வம் பெருகும். நான் வயலை விட்டுக் கல்லூரிக்கு வந்ததால் எங்கள் தோட்டத்தில் ஒரு தாரும் குறைந்துவிடவில்லை. அவர் கொள்கை எனக்கு உடனே விளங்கியதற்கு அதுவே காரணம். ஆனால் வெளியேறுபவனுக்கு வேலை காத்திருக்க வேண்டும் என்பதும் அக்கொள்கையின் பாதி. வாழையை விட்ட செயின்ட் லூசிய இளைஞர்கள் எல்லோருக்கும் விடுதிகளில் இடமில்லை. இன்றும் அங்கு இளைஞர் வேலையின்மை பெரிய சிக்கலே.

முடிவுரை

வாழையின் விலை இத்தீவில் முடிவாகவில்லை. சூறாவளியும் இவர்களைக் கேட்டு வருவதில்லை. ஆனால் பிள்ளைகளைப் படிக்க வைப்பது இவர்கள் கையில் இருந்தது. 2006 முதல் தொடக்கப் பள்ளியை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உயர்நிலைப் பள்ளியில் இடம் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்று, நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைத் தந்த ஜூலியன் ஆல்ஃபிரட்டும் காஸ்ட்ரீஸ் பகுதியில் வளர்ந்தவரே.

நம் நூலகத்தில் உலகப் படப் புத்தகம் இருக்கிறது. மாணவ நண்பர்கள் அதில் 14 பாகை வட அட்சமும் 61 பாகை மேற்குத் தீர்க்கமும் சந்திக்கும் இடத்தை ஒருமுறை தேடிப் பாருங்கள். புள்ளிதான் தெரியும். அந்தப் புள்ளியில் வாழ்வோர், ஜெனீவாவில் வாசலுக்கு வெளியே அனுப்பப்பட்ட பிறகும் வாதாடித் தம் உரிமையை வாங்கியவர்கள் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.