கைகால் இல்லாமல் மேலேறும் கலம்

1999 மே மாதம் கண்டி வாவி பச்சை நிறமாகிப் போனது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டுவித்த, இன்று நகரக் கழிவும் வந்து சேர்கிற நீர்நிலை அது. படர்ந்திருந்தது மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி. சரியாகச் சொன்னால், ஒளித்தொகுப்புச் செய்யும் பக்டீரியா. ஈரலைத் தாக்கும் நஞ்சையும் உண்டாக்கக்கூடியது.

நஞ்சைவிட எனக்கு வியப்பு, அது மேலே வந்து சேர்ந்த விதம்தான். அமீபா உடலின் ஒரு புறத்தைப் போலிப்பாதமாக நீட்டி, உள்ளிருக்கும் கூழை அங்கே பாயவிட்டு ஊர்ந்துபோகும். பரமீசியத்துக்கு ஆயிரக்கணக்கான பிசிர்கள். யுக்ளீனாவுக்குச் சவுக்குமுளை. மைக்ரோசிஸ்டிஸுக்கு இவை எதுவும் கிடையாது.

ஒரு மில்லிமீற்றருக்குள் ஏறத்தாழ இருநூறு கலங்களை வரிசையாக வைக்கலாம். அத்தனை சிறிய கலத்துக்குள், அதை மிதக்கவைக்கும் ஆயிரக்கணக்கான வாயுப் புடகங்கள், அதாவது இரு முனையும் கூம்பிய புரதக் குழாய்கள். சுவரின் தடிப்பு சுமார் 2 நனோமீற்றர். பலூனைப்போல் இவற்றை யாரும் ஊதுவதில்லை. வாயு சுவரினூடே தாராளமாக வந்துபோகும்; உட்சுவர் நீரை ஒட்டவிடாது என்பதால் நீர் மட்டும் உள்ளே தங்காது. குழாய் விறைத்து நிற்பது புரதத்தின் உறுதியால்.

1895இல் ஜேர்மன் தாவரவியலாளர் ஹைன்ரிச் கிளேபான், பாசி நீரைப் போத்தலில் விளிம்புவரை நிரப்பித் தக்கையால் அடைத்து, அந்தத் தக்கையின் தலையில் சுத்தியலால் ஓங்கிப் போட்டார். அவ்வளவுதான். அழுத்தத்தில் புடகங்கள் நொறுங்க, மிதந்த பாசி அடியில் போய்ப் படிந்தது. நொறுங்கிய புடகம் மீண்டும் நிமிராது. கலம் புதிதாகத்தான் கட்டவேண்டும்.

சரி, எந்நேரமும் மிதந்துகொண்டிருந்தால் ஆழத்திலுள்ள சத்துக்களை எடுப்பது எப்படி? பகலில் ஒளித்தொகுப்பால் சேரும் காபோவைதரேற்று நீரைவிடக் கனமானது. அது நிறைய நிறையக் கலம் தாழும். இருளில் அந்தச் சேமிப்பை எரித்துத் தீர்த்ததும் எடை குறைந்து எழும்பும். உண்டால் இறக்கம், பசித்தால் ஏற்றம்!

ஆனாலும் தனிக் கலம் ஒன்று மீற்றர் தூரம் ஏற நாட்கணக்காகும். அந்த அளவில் நீரின் பாகுத்தன்மை அப்படிப் பிடித்து இழுக்கும். ஆகவே மைக்ரோசிஸ்டிஸ் வழுவழுப்பான சளியில் ஒட்டிக் கூட்டமாக வாழ்கிறது. உருண்டையின் குறுக்களவு பத்து மடங்கானால் வேகம் நூறு மடங்கு. மணித்தியாலத்தில் ஒரு மீற்றருக்கு மேல் ஏறும் கூட்டங்களும் உண்டு.

நீர் அசையாமல் கிடக்கும்வரைதான் இந்த வித்தை பலிக்கும். ஆம்ஸ்டர்டாமின் நியூவ மேர் ஏரியில் 1990களில் அடியிலிருந்து காற்றுக் குமிழிகளைச் செலுத்தி நீரைக் கலக்கிவிட்டார்கள். மைக்ரோசிஸ்டிஸ் பின்தங்கியது, மிதக்கத் தெரியாத வேறு நுண்பாசிகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன.