மூடினாலும் கசியும் குழாய்

சிப்களின் வேகத்துக்குக் கடிவாளம் போடும் மாஸ் டிரான்சிஸ்டர்

சண்டிகரை ஒட்டிய மொஹாலியில் உள்ள அரசு செமிகண்டக்டர் ஆய்வகம் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் சிப் தயாரிக்கிறது. உலகின் முன்னணி ஆலைகள் இதைத் தாண்டிப் போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனாலும் இஸ்ரோ ராக்கெட்டுகளுக்கான விக்ரம் 3201 பிராசஸர் இங்கேதான் உருவானது. பழைய சரக்குக்கு ஏன் இத்தனை மவுசு? பதில் மாஸ் டிரான்சிஸ்டருக்குள் இருக்கிறது.

1960இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த முகமது அதல்லாவும் டாவோன் காங்கும் அறிவித்த சாதனம் இது. கிட்டத்தட்ட ஒரு தண்ணீர்க் குழாய். சோர்ஸ், டிரெய்ன் என இரு முனைகள், நடுவே சிலிக்கான், அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம், அதற்கும் மேலே கேட். படலம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் கேட்டில் தரும் மின்னழுத்தத்தின் ஈர்ப்பு அதைத் தாண்டிச் சென்று எலக்ட்ரான்களை இழுக்கிறது. த்ரெஷோல்ட் எனப்படும் அளவைத் தொட்டதும் இரு முனைகளுக்கும் நடுவே பாதை திறக்கிறது.

1963இல் ஃபிராங்க் வான்லஸ் எதிரெதிர் குணமுள்ள இரண்டு டிரான்சிஸ்டர்களை ஜோடி சேர்த்தார். ஒன்று திறந்தால் மற்றது மூடும். நிலை மாறும் கணத்தில்தான் முக்கிய மின்செலவு. இன்றைய சிப்களின் அடித்தளமான சீமாஸ் இதுதான்.

சிக்கல் அதற்கப்புறம் வந்தது. இயக்க மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆகும் மின்செலவு கால்வாசியாகிவிடும். ஆனால் வேகம் குறையாதிருக்க த்ரெஷோல்டையும் இறக்க வேண்டும். இறக்கினால், மூடிய குழாயும் கசிகிறது. அறை வெப்பநிலையில் கசிவைப் பத்தில் ஒரு பங்காக்க, மிகச் சிறந்த டிரான்சிஸ்டருக்கும் 60 மில்லிவோல்ட் தேவை. இது இயற்கை போட்ட கணக்கு. சிப் சூடேறினால் கசிவு இன்னும் கூடும்.

படலமும் கைவிட்டது. 1.2 நானோமீட்டருக்கு, அதாவது சில அணுக்களின் பருமனுக்கு மெலிந்தபோது எலக்ட்ரான்கள் அதையே ஊடுருவின. 2007இல் இன்டெல் ஹாஃப்னியம் கலந்த தடித்த படலத்துக்கு மாறியது.

180 நானோமீட்டரில் இந்தத் தொல்லைகள் குறைவு. படலம் சுமார் 4 நானோமீட்டர், மின்னழுத்தம் 1.8 வோல்ட். ராக்கெட்டுக்கு வேகத்தைவிட நம்பகம் முக்கியம்.

ஆனால் செல்போனும் கம்ப்யூட்டரும் இதில் ஓடாது. 1984இல் உற்பத்தியைத் தொடங்கிய மொஹாலி ஆலை 1989இல் தீக்கிரையானது. அந்த இழப்பிலிருந்து மீளப் பல ஆண்டுகள் பிடித்தன. 2024 மார்ச்சில் குஜராத்தின் தோலேராவில் 91,000 கோடி ரூபாய் டாடா ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கு திட்டமிட்டிருப்பது 28 நானோமீட்டர் வரை. வேகத்துக்கும் கசிவுக்குமான பேரம் அங்கும் தொடரும்.