ஐந்தே மாணவிகளுடன் ஒரு பல்கலைக்கழகம்

மும்பையில் சர்ச்கேட்டுக்கும் மரைன் லைன்ஸுக்கும் இடையே வேலைக்குப் போய் வரும் நம்மவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். ரயில் பாதையை ஒட்டிச் செல்லும் சாலைக்கு மகரிஷி கார்வே ரோடு என்று பெயர். அருகிலேயே நாதிபாய் தாக்கர்சி ரோட்டில் எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாதுங்காவாசிகளுக்கு இந்த எழுத்துகள் இன்னும் நன்றாகவே தெரியும். கித்வாய் ரோட்டில் உள்ள எம்.எம்.பி. ஷா பெண்கள் கல்லூரி இதனுடன் இணைக்கப்பட்டதுதான். எஸ்.என்.டி.டி. என்பது ஸ்ரீமதி நாதிபாய் தாமோதர் தாக்கர்சி என்ற அம்மாளின் பெயர்ச் சுருக்கம்.

இன்று இது சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகம். ஆனால் 1916-ல் தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுகள் இது தனியார் நடத்திய பல்கலைக்கழகமாகவே இருந்தது. சர்க்கார் சாசனம் கிடையாது. இங்கு வாங்கிய பட்டத்தைச் சர்க்கார் பட்டமாகவே ஏற்கவில்லை. சர்டிபிகேட் நகலில் கெஜட்டட் அதிகாரியின் கையெழுத்து வாங்குவதற்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர்களுக்கு இது எத்தனை பெரிய விஷயம் என்று விளக்கத் தேவையில்லை. அப்படியிருந்தும் பெண்கள் வந்து படித்தார்கள்.

நடந்தே போன மாணவர்

நிறுவியவர் தோண்டோ கேசவ் கார்வே. 1858-ல் கொங்கணத்தில் பிறந்தவர். முருட் கிராமத்தில் வளர்ந்தவர். பரீட்சை என்றால் என்ன என்பதை இளமையிலேயே கஷ்டப்பட்டு அறிந்தவர். ஆறாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதுவதற்காக நூறு மைலுக்கு மேல் மலைப்பாதையில் நடந்து சதாராவுக்குப் போனார். பார்ப்பதற்குச் சிறு பையனாக இருக்கிறாய், வயது போதாது என்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன வழியே திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதம் படித்து, 1884-ல் பி.ஏ. ஆனார். 1891 முதல் 1914 வரை பூனா பெர்குசன் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். அங்கே ஆயுள் உறுப்பினராக இருந்த பேராசிரியர்களுக்கு மாதச் சம்பளம் 75 ரூபாய்.

முதல் மனைவி காலமான பின், 1893-ல் கோதுபாய் என்ற விதவையை மணந்தார். பம்பாயில் பண்டித ரமாபாய் தொடங்கிய சாரதா சதனத்தில் சேர்ந்து படித்த முதல் விதவை இந்தக் கோதுபாய்தான். திருமணம் முடிந்து ஊருக்குப் போனபோது முருட் கிராமம் கார்வேயைச் சாதியிலிருந்து விலக்கி வைத்தது. 1896-ல் பூனாவில் விதவைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். 1900-ல் அது ஊருக்கு வெளியே ஹிங்கணே என்ற இடத்துக்குப் போயிற்று. காடும் மேடுமான இடம். தொடக்கத்தில் ஒரு குடிசைதான். கார்வே கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, மாலையில் பல மைல் நடந்து ஹிங்கணேக்குப் போய், அங்கிருந்த பெண்களுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்.

ஜப்பானிலிருந்து வந்த புத்தகம்

இந்த நிலையில்தான் தோக்கியோவில் 1901-ல் தொடங்கிய ஜப்பானியப் பெண்கள் பல்கலைக்கழகத்தைப் பற்றிய சிறு புத்தகம் ஒன்று அவருக்குத் தபாலில் வந்தது. முதலில் அதை ஒதுக்கி வைத்துவிட்டார். 1915-ல் பம்பாயில் கூடிய தேசிய சமூக மாநாட்டுக்குத் தலைமை வகிக்க அழைப்பு வந்ததும், என்ன பேசலாம் என்று யோசித்தபோது அதை எடுத்துப் படித்தார். மாநாட்டில் பெண்களுக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று பேசினார். பேச்சோடு விடவில்லை. மறு ஆண்டே தொடங்கிவிட்டார். சர்க்கார் அனுமதிக்காகக் காத்திருக்கவும் இல்லை.

காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குத் தனிச் சட்டம் பிறந்தது அதே சமயத்தில்தான். அதற்கு மகாராஜாக்களின் ஆதரவு இருந்தது. கார்வேக்குக் கிடைத்ததெல்லாம் ஹிங்கணேயும், கல்லூரி வகுப்பில் சேர்ந்த ஐந்து மாணவிகளும்தான்.

வேந்தராக வந்தவர் டாக்டர் ராமகிருஷ்ண கோபால் பண்டார்க்கர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தராக இருந்த பெரிய சம்ஸ்கிருத அறிஞர். துணைவேந்தர் ஆர்.பி. பராஞ்சபே, கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 1899-ல் முதலிடம் பெற்றவர். உலகம் மதிக்கும் பட்டங்களை வைத்திருந்தவர்கள் சேர்ந்து, எந்த ஆபீஸும் மதிக்காத பட்டத்தைக் கொடுக்கத் துணிந்தார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

தாய்மொழியில் பாடம்

வகுப்புகள் தாய்மொழியில் நடந்தன. முதலில் மராத்தி, குஜராத்திப் பெண்கள் வந்ததும் குஜராத்தி. இங்கிலீஷ் கட்டாயப் பாடம்தான், ஆனால் மற்றப் பாடங்களைச் சொல்லித் தரும் மொழியாக அது இல்லை. ஹைதராபாதில் நிஜாம் சர்க்கார் உருது மொழியில் பாடம் நடத்தும் உஸ்மானியா பல்கலைக்கழகத்தை நிறுவியது 1918-ல். கஜானா இல்லாத கார்வே அதற்கு இரண்டு ஆண்டு முந்திக்கொண்டார். இங்கிலீஷையும் கட்டாயமாக்கக் கூடாது என்பது காந்திஜியின் கருத்து. கார்வே அதற்கு இணங்கவில்லை. கருத்து வேறுபட்டாலும் காந்திஜி ஆதரவைக் குறைக்கவில்லை.

இல்லற நிர்வாகம், சுகாதாரம் ஆகியவையும் பாடத்திட்டத்தில் இருந்தன. மனைவியாகவும் தாயாகவும் ஆகப்போகிற பெண்ணுக்கு இவை வேண்டும் என்பது கார்வேயின் வாதம். அக்காலத்திலேயே இதைக் குறை கூறியவர்கள் உண்டு. பெண்ணுக்கு ஒரு படிப்பு, ஆணுக்கு ஒரு படிப்பா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் கார்வேயின் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் பலர் எப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதில் தாலியறுத்து, தலை மழிக்கப்பட்டு, சமையற்கட்டின் மூலையிலேயே ஆயுளைக் கழிக்க வேண்டியவர்கள். பெண்ணை வெளியே அனுப்பவே தயங்கிய தகப்பனார், இல்லற நிர்வாகம் என்ற பெயரைக் கேட்டுத்தான் சம்மதித்திருப்பார். பிறகு அந்தப் பெண் சரித்திரமும் இலக்கியமும் படித்து வந்தாள். வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதவும் வழி வைத்திருந்தார்கள்.

கோதுபாயின் சகோதரி பார்வதிபாய் ஆத்வலேயும் விதவையானவர். ஹிங்கணே நிறுவனங்களுக்காக ஊர் ஊராக நன்கொடை திரட்டியவர். இங்கிலீஷ் தெரியாத குறை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. 1918-ல் தனியாக அமெரிக்கா போய், வீடுகளில் வேலைக்காரியாக இருந்து பிழைத்துக்கொண்டே அந்த மொழியைக் கற்றார். அப்போது அவருக்கு நாற்பது வயதைக் கடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஜி.ஏ. பட்டம்

படித்து முடித்தவர்களுக்கு பி.ஏ. என்று கொடுக்கவில்லை. ஜி.ஏ. என்று ஒரு பட்டம். கிருஹீதாகமா, அதாவது கல்வியைப் பெற்றுக்கொண்டவள் என்று பொருள். அழகான பெயர்தான். ஆனால் சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப் போடும்போது, படிப்பு என்ற கட்டத்தில் ஜி.ஏ. என்று எழுதினால் எடுபடாது. ஆகவே இங்கு படித்தவர்களுக்குத் துணையாக இருந்தவை பெண்கள் பள்ளிக்கூடங்களும், கார்வேயை நம்பிய நிறுவனங்களும்தான்.

காகித மதிப்பு இல்லாத படிப்புக்கு எதற்காகச் செலவழிக்க வேண்டும் என்று உறவுக்காரர்கள் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். இன்றைக்கும் கேட்க வேண்டிய கேள்விதான் அது. தனியார் பல்கலைக்கழகங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில், பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரம் பெற்றவற்றின் பட்டியலையும் போலிகளின் பட்டியலையும் வெளியிடுகிறது. கட்டிடத்தையும் விளம்பரத்தையும் பார்த்து லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன் பெற்றோர் அதைப் பார்த்துக்கொள்ளலாம். கார்வே தம் பட்டத்துக்கு அங்கீகாரம் இல்லை என்பதை மறைத்ததில்லை. அதற்கு வேறொரு பெயர் வைத்ததே அதற்குச் சாட்சி.

ஆலை முதலாளியின் கொடை

1920-ல் பம்பாய் ஜவுளி ஆலை அதிபர் சர் விட்டல்தாஸ் தாக்கர்சி 15 லட்ச ரூபாய் நன்கொடை அறிவித்தார். தம் தாயாரின் பெயரை வைக்க வேண்டும், தலைமையிடம் பம்பாய்க்கு வர வேண்டும் என்பவை அவருடைய நிபந்தனைகளில் சில. பெயர் உடனே மாறிற்று. இடமாற்றம் 1936-ல்தான் நடந்தது. இடையில் கார்வே சும்மா இருக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய பின் 1929-ல் கப்பல் ஏறி, ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றித் தம் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசினார். தோக்கியோவுக்கும் போய், புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த பெண்கள் பல்கலைக்கழகத்தை நேரில் பார்த்தார். அதன் பின் ஆப்பிரிக்காவுக்கும் போய் வந்தார்.

நாடு சுதந்திரம் அடைந்த பிறகுதான் சட்டம் வந்தது. 1951-ல் பல்கலைக்கழகம் முழு அங்கீகாரம் பெற்றது. சர் விட்டல்தாஸ் 1922-லேயே காலமாகிவிட்டார். அவருடைய மனைவி பிரேம்லீலா தாக்கர்சி அம்மையார்தான் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். கார்வே எல்லாவற்றையும் பார்த்தார். நூறாவது வயதில், 1958-ல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 1962 நவம்பரில் மறைந்தார்.

சர்ச்கேட் தவிர ஜுஹூவிலும் பூனாவிலும் இன்று இதற்கு வளாகங்கள் இருக்கின்றன. இல்லற நிர்வாகம் கற்பிக்கப்பட்ட அதே பல்கலைக்கழகம், 1997-ல் ஜுஹூவில் பெண்களுக்கென்று பொறியியல் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது. அங்கே கணிதம் கட்டாயப் பாடம்.